பின்னால் நிற்பவளின் எடை

எழுபது கிலோ அவ்வளவு லேசாக ஏறியிருக்கக் கூடாது. ஹஸ்னாவுக்குச் சந்தேகம் தொடங்கியது அங்கேதான்.

பெஞ்ச் பிரஸ் பார்வைக்கு எளிமையான காரியம். பெஞ்சில் மல்லாந்து படுத்து, ரேக்கில் இருக்கும் ராடை இரண்டு கைகளாலும் எடுத்து, நெஞ்சுவரை இறக்கி, ஒரு கணம் அசையாமல் நிறுத்தி, மறுபடி கை நீளும்வரை மேலே தள்ள வேண்டும். எடை கூடினால் ராடு மெதுவாக ஏறும். இதை யாராலும் மாற்ற முடியாது. ஹஸ்னாவுக்கு அறுபது கிலோ தடங்கல் இல்லாமல் போய்விடும். அறுபத்திரண்டரை பாதி வழியில் கொஞ்சம் யோசித்துவிட்டுப் போகும். அதுவரை ராடை அவளே எடுத்துக்கொள்வாள்; அதற்கு மேல்தான் பின்னால் நிற்பவள் எடுத்துக் கொடுப்பாள். இந்தக் கணக்குப்படி எழுபது நெஞ்சை விட்டே கிளம்பியிருக்கக் கூடாது. அதுவோ அறுபத்திரண்டரையின் அதே வேகத்தில், அதே இடத்தில் யோசித்து, அதே மாதிரி ஏறியது.

"ஏறிட்டுல்லா! நான்தான் சொன்னேம்லா!" என்று தலைமாட்டிலிருந்து முருகேஸ்வரி கைதட்டினாள்.

ஹஸ்னா எழுந்து உட்கார்ந்து தலைத்துணியைச் சரிசெய்தாள். சிரிக்கவில்லை.

வண்டிப்பெரியார் கடைவீதியில் பாஸ்கலின் டயர் கடைக்கு மேல்மாடிதான் அந்த ஜிம். காலையும் மாலையும் ஆண்கள். மதியம் மூன்றிலிருந்து நாலரை வரை பெண்கள். அந்த நேரத்தில் பாஸ்கல் திரையை இழுத்துவிட்டுக் கீழே கடைக்குப் போய்விடுவார். தொடக்கத்தில் எட்டுப் பேர் வந்தார்கள். உடம்பு இளைக்கவில்லை என்று ஒவ்வொருவராக நின்றுபோய், மிஞ்சியவர்கள் இருவர்தான். ஏலக்காய் வியாபாரி ஷபீரின் மனைவி ஹஸ்னா, வடகரப்பதியிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள். முருகேஸ்வரி நெடுநாள் எஸ்டேட்டில் கொழுந்து எடுத்துவிட்டு இப்போது தேயிலைத் தொழிற்சாலையில் காலை ஷிப்டு பார்ப்பவள். ஒருத்தி படுத்தால் மற்றவள் தலைமாட்டில் நிற்பாள். ராடு நெஞ்சின் மேல் சிக்கிக்கொண்டால் படுத்திருப்பவளால் தானாக எழ முடியாது. பின்னால் நிற்பவள்தான் தூக்கிவிட வேண்டும். அவளுக்கு ஸ்பாட்டர் என்று பெயர்.

சிக்கல் என்னவென்றால், இருவருமே அறுபத்து மூன்று கிலோ பிரிவு. ஞாயிற்றுக்கிழமை கட்டப்பனையில் மாவட்டத் தேர்வு. ஒரு பிரிவுக்கு ஒருத்தியைத்தான் மாநிலப் போட்டிக்கு அனுப்புவார்கள். பள்ளியில் குண்டு எறிதலில் முதலாவதாக வந்தும் வெளியூர் அனுப்ப வீட்டில் சம்மதிக்கவில்லை என்பதால் நின்றுபோன ஹஸ்னாவுக்கு, இந்த ஒரு இடம் வேண்டும். நான்கு மாதமாக அவள் வேறெதையும் இவ்வளவு விரும்பியதில்லை.

போட்டியின் விதியைச் சொன்னால்தான் அவளுடைய பயம் புரியும். ஒவ்வொருத்திக்கும் மூன்று வாய்ப்பு. முதல் எடையை நாமே சொல்லலாம். சொல்லிவிட்டுத் தூக்க முடியாமல் போனால் அடுத்த முறை அதே எடை, அல்லது அதற்கு மேல். கீழே இறங்க வழி கிடையாது. மூன்றும் தவறினால் பட்டியலில் பெயரே இருக்காது. ஆகவே முதல் எடை, உடம்பு சரியில்லாத நாளிலும் தூக்கக்கூடியதாக இருக்க வேண்டும். எழுபது தூக்குகிறவள் அறுபத்தைந்தில் தொடங்கலாம். ஆனால் அந்த எழுபதே பொய்யாக இருந்தால்?

அப்படியானால் ஹஸ்னாவைத் தோற்கடிக்க நினைப்பவள் அவளைத் தள்ளிவிட வேண்டியதில்லை. தினமும் ராடுக்கு அடியில் இரண்டு விரலைக் கடன் கொடுத்தால் போதும்.

அவள் முதலில் ராடில் மாட்டும் இரும்பு பிளேட்டுகளைச் சந்தேகித்தாள். அதுதான் நாகரிகம் என்று தோன்றியது. பாஸ்கலிடம் கேட்டு இரண்டு இருபது கிலோ பிளேட்டுகளை ஆட்டோவில் ஏற்றி ஷபீரின் கடைக்குக் கொண்டுபோனாள். ஏலக்காய் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்தாள். ஷபீர் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"ஏனம்மிணி, வண்டன்மேட்டு ஏலத்துக்கு இந்த வாரம் இரும்பையும் அனுப்பறதா இருக்கியா?"

"எடை சரியான்னு பாக்கறனுங்க."

"பத்தொம்பதே முக்காலுக்கு மேல. அப்பறமென்ன? இத விட மோசமான தராசயெல்லாம் நா பாத்திருக்கேன்."

பிளேட்டில் குற்றமில்லை. அவள் தராசின் ஓரத்திலேயே நின்றாள். அப்போது ஒரு விவசாயி மூட்டையைக் கொண்டுவந்து தராசில் வைத்துவிட்டு, அது சாயாமல் இருக்க அதன் காதைப் பிடித்துக்கொண்டார். திரையில் எண் குறைந்தது. "கைய எடுங்க, உங்களுக்குத்தான் நட்டம்" என்றான் ஷபீர், தினமும் சொல்கிற அதே குரலில். கையை எடுத்ததும் எண் ஏறியது.

ஹஸ்னா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூட்டையிலிருந்து குறைந்த எடை எங்கே போயிற்று? காற்றில் கரையாது. பிடித்தவரின் கை வழியாக அவருடைய காலுக்கு இறங்கியிருக்கிறது. அவர் இன்னொரு தராசின் மேல் நின்றிருந்தால், இங்கே குறைந்தது அங்கே அப்படியே கூடியிருக்கும். தூக்குகிறவர் யாரானாலும், தூக்கிய எடை அவருடைய பாதத்துக்கு வந்தே தீரும்.

"ஏனுங்க, இந்தத் தராசு நாளைக்கு எனக்கு வேணும்."

"எதுக்கு?"

"ஒடம்பு எடை பாக்கோணும். அறுபத்து மூணு தாண்டுனா சேத்துக்க மாட்டாங்க."

அது பொய்யில்லை. முழு உண்மையுமில்லை.

ஸ்பாட்டர் இல்லாமல் தனியாகத் தூக்கிப் பார்க்கலாமே என்றும் அவள் நினைத்திருந்தாள். அதற்கும் ஒரு முறை உண்டு. ராடின் நுனியில் பிளேட்டைப் பூட்டும் கிளிப்பைப் போடாமல் விட்டுவிட வேண்டும். சிக்கிக்கொண்டால் ராடை ஒரு பக்கம் சாய்த்தால் பிளேட்டுகள் வழுக்கி விழுந்துவிடும். தரை உடையும், ஆள் பிழைப்பாள். ஆனால் தனியாகத் தூக்குகிறவள் தன் எல்லைக்கு ஒரு படி முன்னாலேயே நிறுத்திக்கொள்வாள். அப்படிக் கிடைக்கும் எண், பயத்தின் எண். அவளுக்கு வேண்டியது தன்னுடைய எண்.

மறுநாள் வியாழக்கிழமை. ஜிம்முக்குக் கொண்டுவந்திருந்த தராசில் இருவரும் ஏறி எடை பார்த்தார்கள். ஹஸ்னா அறுபத்தொன்றரை. முருகேஸ்வரி சரியாக அறுபத்திரண்டு. பெஞ்சின் தலைமாட்டில் ஸ்பாட்டர் நிற்க ஒரு மரப்பலகை உண்டு. ஹஸ்னா அதைச் சுவரோரம் தள்ளிவிட்டுத் தராசை அங்கே இழுத்துப் போட்டாள்.

"இது எதுக்கு?"

"பலக ஆடுதுங்க்கா. இதுமேலயே நில்லுங்க."

முருகேஸ்வரி தோளைக் குலுக்கிவிட்டு ஏறி நின்றாள். தராசின் திரை அவளுக்குப் பின்பக்கம் இருந்தது. எதிர் ஜன்னலில் தண்ணீர் பாட்டிலுக்குச் சாய்த்து வைத்த ஹஸ்னாவின் போன் அந்தத் திரையைப் படம்பிடித்துக்கொண்டிருந்தது.

ஹஸ்னா படுத்து அறுபது தூக்கினாள். அறுபத்தைந்து. பிறகு எழுபது. எல்லாம் ஏறின. ஹஸ்னா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஜன்னலோரம் போய்ப் படத்தை ஓட்டிப் பார்த்தாள்.

எழுபதின் தொடக்கத்தில் எண் அறுபத்திரண்டு. ராடை ரேக்கிலிருந்து எடுத்துக் கொடுக்கும்போது எண்பதுக்கு மேல் துள்ளியது. அது நியாயம், எடுத்துக் கொடுப்பது ஸ்பாட்டரின் வேலை. அதன்பின் கையை எடுத்திருந்தால் எண் மறுபடி அறுபத்திரண்டுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அறுபத்தொன்பதில் நின்றது. ராடு அசையும்போது முருகேஸ்வரியும் குனிந்து நிமிர்வதால் எண்கள் ஆடின, அவற்றை நம்ப முடியாது. அசையாமல் நிற்கும் இடங்களை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். நெஞ்சில் நிறுத்தியபோது அறுபத்தொன்பது. மேலே கை நீட்டி முடித்தபோதும் அதே. ராடு ரேக்குக்குத் திரும்பிய பிறகுதான் அறுபத்திரண்டு.

ஏழு கிலோ. அவளுடைய எழுபது, உண்மையில் அறுபத்து மூன்று. ஞாயிற்றுக்கிழமை அறுபத்தைந்து என்று சொல்லியிருந்தால் மூன்று முறையும் தவறி வீட்டுக்கு வந்திருப்பாள்.

அதிலும் ஒரு விஷயம் அவளை உறுத்தியது. காப்பாற்ற நினைக்கிறவள் சிக்கும் இடத்தில்தான் கை கொடுப்பாள். கை முழுதாக நீண்டு எலும்பே எடையைத் தாங்கும் இடத்தில் யாருக்கு உதவி வேண்டும்?

"என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்க?" என்று முருகேஸ்வரி அருகே வந்தாள்.

ஹஸ்னா போனை நீட்டினாள். முருகேஸ்வரிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் தராசைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னையா எடை போட்ட?"

"ஏழு கிலோ நீங்க தூக்கியிருக்கீங்க."

"தூக்கல. பிடிச்சிருந்தேன்."

"எதுக்குங்க பிடிக்கோணும்?"

"நீ விடச் சொல்லலியே!"

ஹஸ்னா அவளையே பார்த்தாள்.

"என்ன முழிக்க? கொழுந்து மூட்டையத் தலைக்கு ஏத்தி விடுதவ, சொமக்கிறவ 'விட்டுரு'ன்னு சொல்லாம கைய எடுப்பாளா? எடுத்தா கழுத்து திருகிராதா? நான் மலையில எத்தனை பேருக்கு ஏத்தி விட்டிருக்கேன். நீ ஒரு நாளாவது வாயத் திறந்து விடுன்னு சொல்லியிருக்கியா? சரி, பிள்ளைக்குப் பயம்போல, விரலு கெடக்கட்டும்னு வச்சிருந்தேன்."

எஸ்டேட்டில் அது எழுதாத சட்டம். மூட்டை தலையில் அமர்ந்ததும் சுமப்பவள் கழுத்தை நேராக்கி, இடுப்பில் பாரத்தை வாங்கி, கால் ஊன்றிய பிறகுதான் அந்தச் சொல்லைச் சொல்வாள். பாரம் எப்போது தன்னுடையதாயிற்று என்பது சுமப்பவளுக்கு மட்டுமே தெரியும் என்பதால் அப்படி. பெஞ்சில் படுத்திருப்பவளுக்கோ யாரும் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஹஸ்னா தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான். படுத்திருப்பவள் தலையாட்டுவது தலைமாட்டில் நிற்பவளுக்கு மூச்சு வாங்குவதுபோலத்தான் தெரியும்.

விளக்கம் நன்றாகத்தான் இருந்தது. அதுவே ஹஸ்னாவுக்குப் பிடிக்கவில்லை. ஏமாற்ற வந்தவளும் இதைவிட நல்ல விளக்கத்தைத் தயாரிக்க முடியாது.

"அப்பறம் ஏறிட்டுன்னு கை தட்டுனீங்களே? அது உங்க கையும் சேந்து ஏறுனதுன்னு தெரியாதுங்களா?"

"ரெண்டு விரலுக்கு ஏழு கிலோ வரும்னு எனக்கு எப்பிடித் தெரியும்? எனக்கு அது இலை மாதிரி இருந்தது." முருகேஸ்வரியின் குரல் உயர்ந்தது. "சந்தேகமா படுத? அப்ப நானும் கேக்கேன். நீ எனக்கு எப்பிடி நிக்கன்னு தெரியுமா? ரெண்டு அடி தள்ளி, மாருக்குக் குறுக்க கைய கட்டிக்கிட்டு, சினிமா பாக்கிறவ மாதிரி நிக்க."

"தொடக் கூடாதுன்னு வீடியோல சொல்லிருக்காங்க."

"தொடாத. பக்கத்துல இருக்கக் கூடாதுன்னுமா சொல்லியிருக்கு? அறுபத்தஞ்சுக்கு மேல நான் ஏன் போட்டதில்லன்னு நினைச்ச? ஏறாமயா? ராடு என் கழுத்துல விழுந்தா நீ வந்து சேருததுக்குள்ள என் கதை முடிஞ்சிரும். ஒரு இடந்தான் இருக்கு, இவ போனா போகட்டும்னு நிக்காளோன்னு நான் நினைக்காத நாள் கிடையாது."

கீழே பாஸ்கல் டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது.

ஹஸ்னாவுக்கு ஒன்று தெளிவாயிற்று. நான்கு மாதம் தூக்கியும் இருவருக்குமே தங்கள் எண் தெரியாது. ஒருத்தியின் எண்ணில் மற்றவளின் விரல் கூடியிருந்தது. இன்னொருத்தியின் எண்ணில் பயம் கழிந்திருந்தது. இதைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான் உண்டு. அதற்கு இந்தப் பெண்ணைத்தான் நம்ப வேண்டும்.

"மறுபடி நில்லுங்க. தராசு மேலயே."

"இன்னும் எடை போடணுமா?"

"ஆமாங்க."

அறுபத்தைந்து போட்டார்கள். ஹஸ்னா படுத்தாள். முருகேஸ்வரி எடுத்துக் கொடுத்தாள். ராடு கையில் நிலைத்ததும் ஹஸ்னா, "விடுங்க" என்றாள்.

எடை இறங்கியது. அறுபத்தைந்து கிலோ இதுதான் என்று அவளுடைய மணிக்கட்டுக்கு முதல்முறையாகத் தெரிந்தது. நெஞ்சில் நிறுத்தினாள். தள்ளினாள். ஒரு சாண் ஏறி, ராடு நின்றது. மேலே முருகேஸ்வரியின் இரண்டு கைகளும் ராடுக்கு ஒரு விரற்கடை கீழே விரிந்து நின்றன. தொடவில்லை. 'பிடிக்க மாட்டாள்' என்று ஹஸ்னாவின் மனம் சொன்னது. ராடு மெல்ல இறங்கத் தொடங்கியது.

"பிடிங்க!"

சொல் முடியுமுன் எடை காணாமல் போயிற்று.

படத்தில் "விடுங்க" என்ற குரலுக்குப் பிறகு, அசையாத இடங்களிலெல்லாம் எண் அறுபத்திரண்டிலேயே நின்றது. "பிடிங்க" என்ற குரலுக்குப் பிறகே எண் எகிறியது. இதற்கு முன் மூன்று முறை தூக்கிய களைப்பைக் கழித்துப் பார்த்தாலும், தன்னுடைய இடம் அறுபத்திரண்டரையிலிருந்து அறுபத்தைந்துக்குள் எங்கோ இருக்கிறது என்று ஹஸ்னா புரிந்துகொண்டாள்.

"இப்ப நீ நில்லு. எழுபது போடு" என்றாள் முருகேஸ்வரி. பெஞ்சில் படுக்கப் போனவள் நிமிர்ந்து, "நீயும் அதுமேல ஏறித்தான் நிக்கணும்" என்றாள்.

ஹஸ்னா ஏறி நின்றாள். ராடை எடுத்துக் கொடுத்து, "விடு" என்றதும் கைகளை அதற்குக் கீழே கொண்டுபோனாள். ராடு இறங்கி, நெஞ்சில் நின்று, ஏறியது. பாதியில் தயங்கியது. முருகேஸ்வரியின் முகம் கறுத்துச் சிவந்தது. 'பிடி' என்று கேட்கவில்லை. ஹஸ்னாவுக்கு இரண்டு விரலின் பலம் இப்போது தெரியும். இப்போது அவை பட்டால் இவளுக்கும் பொய் எண் கிடைக்கும். படாவிட்டால், இந்த எழுபது இவளுடையது, மாநிலத்துக்குப் போகும் இடமும் இவளுடையது. தராசு மட்டும் காலடியில் இல்லாவிட்டால் என்ன செய்திருப்பேன் என்று அவளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

ராடு தயங்கிய இடத்தைத் தாண்டி மேலே போயிற்று. எடுத்துக் கொடுத்த பிறகு, அசையாத இடங்களில் திரையில் அறுபத்தொன்றரை மாறவே இல்லை. முருகேஸ்வரி எழுந்ததும் முதல் வேலையாகப் போனை எடுத்து அதைச் சரிபார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கட்டப்பனையில் ஒரு பள்ளி ஹாலில் தேர்வு நடந்தது. அறுபத்து மூன்று கிலோ பிரிவில் பெயர் கொடுத்தவர்கள் இவர்கள் இருவர்தான். உடம்பு எடை பார்த்த மேசையிலேயே முதல் எடையைச் சொல்ல வேண்டும்.

"அறுபது" என்றாள் ஹஸ்னா. கூட வந்திருந்த பாஸ்கல் திகைத்தார்.

"எழுபது தூக்குத பிள்ள அறுபதுல தொடங்குமா?"

"எழுபது என்னோடது இல்லீங்க அண்ணா."

அடுத்து முருகேஸ்வரி. ஹஸ்னா குனிந்து அவள் காதில், "அறுபத்தேழரை சொல்லுங்க. ஏறும்" என்றாள். மனதாரத்தான் சொன்னாள். முருகேஸ்வரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். விதி அவளுக்கும் தெரியும். முதல் எடையை ஏற்றிச் சொல்ல வைப்பதுதானே ஒருத்தியைக் கவிழ்க்கச் சுலபமான வழி.

"அறுபத்தஞ்சு" என்றாள் மேசையைப் பார்த்து.

ஹஸ்னாவுக்குக் கோபம் வரவில்லை. தானும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

முதல் சுற்றில் ஹஸ்னாவின் அறுபது ஏறியது. முருகேஸ்வரியின் அறுபத்தைந்தும் ஏறியது. இரண்டாம் சுற்றில் ஹஸ்னா அறுபத்திரண்டரை. முருகேஸ்வரி அறுபத்தேழரையை வீசி எறிவதுபோல் தள்ளினாள். கடைசிச் சுற்றுக்கு முன் பாஸ்கல் ஓடி வந்தார்.

"எழுபது கேளு. ஏறினா இடம் உனக்கு. ஏறலன்னாலும் அறுபத்திரண்டரை எங்கயும் போகாது. நட்டமே இல்ல."

கணக்கு சரிதான். ஆனால் ஏறாத எடை என்று உடம்புக்கே தெரிந்ததைக் கேட்டு வாங்கி, ஒரு வாய்ப்பை வீணாக்க அவளுக்கு மனம் வரவில்லை. அறுபத்தைந்து ஏறுமா ஏறாதா என்று தெரியாமல் ஊர் திரும்புவது அதைவிடப் பெரிய நட்டமாகப் பட்டது.

"அறுபத்தஞ்சு போடுங்க" என்றாள். அந்தச் சொல்லோடு மாநிலத்துக்குப் போகும் இடம் முருகேஸ்வரிக்குப் போயிற்று. பாஸ்கல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

தலைமாட்டில் அமைப்பாளர்கள் நிறுத்தியிருந்த ஒரு மலையாள இளைஞன். அவன் எடுத்துக் கொடுத்துவிட்டுக் கையை எடுத்தான். ராடு நெஞ்சுக்கு வந்தது. நடுவரின் குரல் கேட்டதும் தள்ளினாள். ஒரு சாணில் நின்றது. நின்ற இடத்திலேயே நடுங்கியது. பிறகு, யாரோ கயிறு கட்டி மிக மெதுவாக இழுப்பதுபோல், ஏறியது. கை நீண்டது. ராடு ரேக்கில் விழுந்தது. நடுவர்களின் மூன்று விளக்குகளும் வெள்ளை; தூக்கியது செல்லும்.

ஹஸ்னா எழவில்லை. தலையைப் பின்னுக்குச் சாய்த்து, தலைகீழாகத் தெரிந்த இளைஞனிடம், "கை வெச்சீங்களா?" என்றாள்.

"இல்ல சேச்சி. தொட்டில்ல."

"வெரலு கூடவா?"

அவன் சிரித்துக்கொண்டே இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். ஹஸ்னா நம்பாமல் பக்கத்தில் திரும்பினாள். மேடை ஓரத்தில் கைக்குச் சாக் பொடி பூசிக்கொண்டு முருகேஸ்வரி நின்றிருந்தாள்.

"தொடல பிள்ள. நான் அவன் கையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"நெசமாவாங்க்கா?"

"ஏறினது ஒன்னோடதுதான். எந்திரி, அடுத்தது நான். எழுபது கேட்டிருக்கேன்." முருகேஸ்வரி மேடையில் கால் வைத்தவள் நின்று, குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் பையன் கைமேல ஒரு கண்ணு வச்சுக்கோ."

ஹஸ்னா மேடையைச் சுற்றிக்கொண்டு, அவன் விரல்கள் நன்றாகத் தெரியும் பக்கமாகப் போய் நின்றாள்.